பேரீச்சம்பழத்துக்குப் போகும் பட்டாளத்துச் சாமான்



நம் வகுப்புகளில் பச்சை ஜாக்கெட்டுக்கு என்றைக்கும் மவுசுதான். முதுகில் 'யு.எஸ். ஆர்மி' என்று அச்சடித்திருந்தால் இன்னும் ஜோர்! ஆனால் அசல் அமெரிக்கப் பட்டாளமே நம் நாட்டில் வந்து தங்கியிருந்தது என்று சொல்லிப் பாருங்கள். "சும்மா கதை விடாதே மச்சி" என்பார்கள்.

கதையல்ல. இரண்டாம் உலகப் போரில் சீனா-பர்மா-இந்தியா என்று அமெரிக்காவுக்கு ஒரு தனிப் போர்முனையே இருந்தது. அந்தச் சிப்பாய்கள் தோளில் தைத்த பட்டையில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு விமானம் ஓட்டினார்கள். 'ஹம்ப்' என்று பெயர் பெற்ற அந்த வழியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்து நொறுங்கின.

போர் முடிந்ததும் ஜீப், குடுவை, கித்தான் பை என்று ஏகப்பட்ட சாமான்களை இங்கேயே விட்டுப் போனார்கள். கை மாறிக் கை மாறிக் கடைசியில் எங்கே போகும்? இரும்புக்கடைத் தராசுக்குத்தான். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட கணக்கு!

இதை அடையாளம் காண டிப்ளமோ படிக்கிற நம்மைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது என்பது என் கருத்து. ஏன்? இது மெட்டீரியலும் மார்க்கிங்கும் சம்பந்தப்பட்ட வேலை.

அமெரிக்கக் குடுவையின் அடியில் 'யு.எஸ்.', கம்பெனி பெயர், வருஷம் மூன்றும் பொறித்திருக்கும். பிரிட்டிஷ் சாமான் என்றால் காக்கைக்கால் மாதிரி ஓர் அம்புக்குறி. சட்டையில் தைத்த லேபிளில் கான்ட்ராக்ட் நம்பரே இருக்கும். ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் ஒரே டிராயிங் வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று குத்தியது. ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இரும்புத் தொப்பி ஹாட்ஃபீல்ட் மாங்கனீஸ் எஃகு. காந்தம் சரியாக ஒட்டாது. கழுத்தில் மாட்டும் தகட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். செத்தவன் பல்லிடுக்கில் செருக என்று கதை கட்டுவார்கள். எழுத்து அடிக்கும் மெஷினில் தகடு சரியாக உட்காரத்தான் அந்த வெட்டு. நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் லொக்கேட்டர்!

போலியும் உண்டு. ரூபாய் நோட்டு பார்க்கும் நீல விளக்கில் இந்தக் காலத்துச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். (சோப்புப் பவுடரில் துவைத்த பழைய துணியும் ஒளிரும், ஜாக்கிரதை.) மாமல்லபுரம் கடைத்தெருவில் பித்தளைத் திசைகாட்டி வாங்கப் போகிறவர்களும் கவனியுங்கள். பழைய வருஷத்தைப் பஞ்ச் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

"இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு. வெள்ளைக்காரன் சட்டை நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட் என்ற ஊரில் 2023-ல் 'ஹம்ப்' விமானங்களுக்கென்றே மியூசியம் திறந்தார்கள். மலையில் கிடக்கும் உடைசலில் ஒரு நம்பர் கிடைத்தால் போதும், எந்த விமானம், அதில் போனவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பல வருஷம் காத்திருந்த குடும்பத்துக்கு ஒரு பதில் கிடைக்கும்.

நம்மவர்களும் போருக்குப் போனவர்கள்தானே? இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில் அவன் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறிய ஆள் நான். எங்களைப் போன்ற வீடுகளில் பாட்டன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவனுக்கு அந்த விளிம்புதான் கல்வெட்டு. முதல் உலகப் போரின் 'பிரிட்டிஷ் வார் மெடல்' பெரும்பாலும் வெள்ளி. அவசரத்துக்கு உருக்கினால் கொஞ்சம் பணம் வரும். அந்தப் பெயர் திரும்பி வருமா?

ஒன்று மட்டும் கண்டிப்பு. குண்டு, ஷெல் மாதிரி எது கிடந்தாலும் தொடக்கூடாது, போலீசுக்குச் சொல்ல வேண்டும். அனுமந்தபுரம் துப்பாக்கிப் பயிற்சித் தளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் திருப்போரூர் பக்கம் மானாம்பதியில் கிடைத்த மர்மப் பொருள் வெடித்து உயிர் போனதை மறக்கலாமா? சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ம் வருடச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வெர்னியர், கையிலிருக்கும் செல்போன் கேமரா போதும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அளவு, எடை, முத்திரை, யார் கொண்டுவந்தது என்று எழுதிக்கொண்டு சாமானை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். வருடம் ஒருமுறை சென்னை கோட்டை மியூசியத்துக்குப் போவோம். 1948-ல் மக்களுக்குத் திறந்த அந்த இடத்தில் பட்டாளத்து உடுப்பும் பதக்கமும் இருக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலின் ஷெல் துண்டும் உண்டு. "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்!

அடுத்த வருட மலரில் நம் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒரு பக்கமாவது வர வேண்டும். செய்வோமா நண்பர்களே?