வெளியூர் என்றால் எதற்கு வெளியே?

போன கிழமை ஒலுவில் கெம்பஸ் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. அரசியல் இல்ல, பரீட்சை இல்ல. இந்த வருஷம் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரன் விருது யாருக்குப் போகணும் என்பதுதான் பிரச்சினை. ஒருத்தன் கொழும்புப் பாடசாலை ஒன்றின் கெப்டனைச் சொன்னான். இன்னொருத்தன் காலிப் பொடியன் ஒருத்தனைத் தூக்கிப் பிடிச்சான். ஓட்டங்கள், விக்கட்டுகள், சராசரி என்று போனைத் திறந்து வெச்சு ஒரு மணித்தியாலம் கத்தினோம்.

கடைசியில சாய்ந்தமருதுக்காரன் ஒருத்தன் கேட்டான்: "எல்லாம் சரி மச்சான், நம்மட கரையில இருந்து ஒரு பேரச் சொல்லு பாப்பம்."

எல்லாரும் முழிச்சோம். பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரைக்கும் ஒவ்வொரு ஊரிலயும் மைதானம் இருக்கு, மைதானம் இல்லாத இடத்தில கடற்கரை இருக்கு. அஸர் தொழுதுட்டு வந்தா எங்க பார்த்தாலும் பெட்டும் போலும்தான். ஆனா ஒரு பேர் வாயில வரல்ல. அந்த முழிப்பில இருந்துதான் இந்தக் கட்டுரை.

எங்கட வாதத்தை முதல்லயே சொல்லிடுறோம். "இலங்கையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரன்" என்ற பட்டத்தை இப்ப இருக்கிற மாதிரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்க யாருக்கும் தகுதி இல்ல. நம்மட பொடியன்மார்தான் சிறந்தவங்க என்று நாங்க சொல்லல. சிறந்தவன் யார் என்று தெரிஞ்சுகொள்ள ஒரு வழியையே இந்த நாடு செய்து வைக்கல்ல என்று சொல்றோம்.

விருதின் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சண்டே ஒப்சேர்வர் பத்திரிகை 1979 இல் ஆரம்பிச்சது. முதல் விருது ரோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்லவுக்கு. மறுகா ஆனந்தாவின் அர்ஜுன ரணதுங்க, நாலந்தாவின் ரொஷான் மஹானாம என்று வரிசை போகுது. மூன்றும் கொழும்பு. 1991 இல் கண்டி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரன் எடுத்தார். கடைசி இரண்டு பருவங்களில் நூறுக்கு மேல விக்கட் எடுத்த ஒரு தமிழ்ப் பொடியன். 2010 இல் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கட்டோட அவர் ஓய்வு பெற்றதும் உங்களுக்குத் தெரியும். ஆக, கொழும்புக்கு வெளியே விருது போனதே இல்ல என்று சொன்னா அது பொய். நாங்க அதைச் சொல்லவும் இல்ல.

ஆனா இன்னொரு பேரைப் பாருங்க. சனத் ஜயசூரிய, மாத்தறை புனித சேர்வேஷியஸ் கல்லூரி. 1988 இல் இதே விருது விழாவில அவருக்குக் கிடைத்தது "அவுட்ஸ்டேஷன்" பிரிவின் சிறந்த வீரன் பட்டம். நம்மட தமிழில் வெளியூர். எட்டு வருஷம் கழிச்சு, 1996 உலகக் கிண்ணத்தில தொடர் நாயகன் யார்? அதே வெளியூர்ப் பொடியன்தான்.

வெளியூர் என்றா எதற்கு வெளியே? கொழும்புக்கு நாம வெளியூர் என்றா, நமக்குக் கொழும்பு என்ன ஊர்? இந்தப் பிரிவு நம்மள மாதிரி ஆக்களுக்குக் கிடைச்ச ஒரேயொரு கதவு, அதையும் மூடச் சொல்லாதீங்க என்று எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் சொன்னாங்க. நல்லெண்ணத்தோடதான் சொல்றாங்க. ஆனா அந்தப் பக்கத்துக் கதவுக்கு முன்னாலயும் காலி, மாத்தறை, கண்டி, குருநாகல் என்று பழைய, பலமான பாடசாலைகள் வரிசையில நிற்குது. கல்முனைப் பொடியன் அந்த வரிசையின் வாலில. கண்டியையும் கல்முனையையும் ஒரே பையில போட்டு, இரண்டும் வெளியூர் என்று கட்டினா, அந்தப் பை யாருக்கு வசதி?

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். சண்டையே அங்கதான்.

பாடசாலைப் பருவம் வந்தா பேப்பர்காரர்கள் இரண்டு எண்களைத்தான் தேடுவாங்க. ஆயிரம் ஓட்டம், நூறு விக்கட். இரண்டும் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை என்றா அதில திறமையும் இருக்கு, எத்தனை மெட்ச் என்பதும் இருக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்றோம்: ஒருத்தன் 20 மெட்ச் விளையாடி மெட்சுக்கு ஐந்து விக்கட் எடுத்தா நூறு. இன்னொருத்தன் ஐந்து மெட்ச் விளையாடி மெட்சுக்கு ஏழு எடுத்தா முப்பத்தைந்து. முதலாமவனுக்குப் பேப்பரில படம். இரண்டாமவனுக்கு வாப்பாட ஏச்சு, "உயர்தரம் வருது, இன்னும் பந்து உருட்டிக்கிட்டிருக்கியா?"

அந்த 20 மெட்ச் ஏன் நமக்கு இல்ல? சோம்பேறித்தனமா? வானத்தைப் பாருங்க. பாடசாலைக் கிரிக்கட் பருவம் செப்டெம்பர், ஒக்டோபரில ஆரம்பிச்சு மார்ச், ஏப்ரலில முடியும். பிக் மெட்ச் எல்லாம் மார்ச் பக்கம். கொழும்பில ஜனவரி, பெப்ரவரி என்றா வெயில், காய்ந்த ஆடுகளம். நம்மட பக்கம்? நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவமழை. வயலும் வாய்க்காலும் ரோட்டும் ஒரே தண்ணி. 2024 நவம்பர் வெள்ளத்தில அம்பாறைக் கரை எப்படிக் கிடந்தது என்று நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த நேரம் மைதானத்தில பந்து போடுறதா, வள்ளம் விடுறதா?

மழை விட்டு மைதானம் காய்ஞ்சு வரும்போது இப்பத்தைய வருஷங்களில நோன்பு வந்துடுது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில விடுமுறை, அது நல்லது, அதில எங்களுக்கு முறைப்பாடு இல்ல. ஆனா 2025 இல் மார்ச் மாதம் கிட்டத்தட்ட முழுசாகவே நோன்பு. அதாவது நாடு முழுக்க பிக் மெட்ச் நடக்கிற மாதம் நம்மட பாடசாலைக் கேற்றில பூட்டு. நமக்கு மைதானம் கைக்கு வர்றது கச்சான் காற்று அடிக்கிற மே, ஜூன், ஜூலையில. அப்ப "பருவம்" முடிஞ்சு, விருதுக்கான பேர்களும் அநேகமா முடிவாகிடும். பருவம் என்று அவங்க சொல்றது தென்மேற்குக் கரையின் வானிலையை. அதை முழு நாட்டுக்கும் கலண்டராக மாட்டி வெச்சிருக்கு.

மழைக்கு யார் பொறுப்பு என்று கேட்பீங்க. யாருமில்ல. மழையை நாங்க ஏசல. மழையில நனையாதவனின் கூட்டுத்தொகையை வெச்சு நாட்டின் சிறந்தவனைத் தீர்மானிக்கிற கணக்கைத்தான் ஏசுறோம்.

இன்னொரு பதிலும் வரும், அது கொஞ்சம் பலமானது. "கொழும்புப் பாடசாலைகள் பலமான அணிகளோட மோதுறாங்க. உங்கட பொடியன் ஏழு விக்கட் எடுத்தது யாரிட்ட? மூன்றாம் பிரிவு அணியிட்டதானே? அந்த ஏழும் இந்த ஐந்தும் ஒன்றா?" நியாயமான கேள்வி. ஒன்றில்ல. பலவீனமான அணிக்கு எதிராக எடுத்த விக்கட்டின் விலை குறைவுதான். ஐந்து மெட்சை வெச்சு ஒருத்தனைப் பெரிய ஆள் என்று சொல்லவும் ஏலாது.

ஆனா இந்தப் பதில் எங்கட வாதத்தைத்தான் பலப்படுத்துது. பலமான அணியோட மோதினாத்தான் தரம் தெரியும் என்றா, மோத விடுங்களேன். மோத விடாம வெச்சுக்கிட்டு, மோதின அனுபவம் இல்ல என்று தள்ளுறது எந்த ஊர் நியாயம்? நீச்சல் தெரிஞ்சாத்தான் கடலில இறங்கலாம் என்ற கதைதான் இது.

உலகத்தில வேற இடத்தில இந்தச் சண்டை இல்லையா? இருக்கு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில, அதாவது பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுற அந்தக் கால்பந்தில, ஹெய்ஸ்மன் என்று ஒரு விருது. 1935 இல் நியூயோர்க்கில ஒரு கழகம் தொடங்கினது. முதல் வருஷம் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே விளையாடுறவங்களுக்கு மட்டும்தான். அங்கேயும் ஒரு வெளியூர்! அடுத்த வருஷமே அதை நாடு முழுக்கத் திறந்துவிட்டாங்க. இப்ப நாட்டை ஆறு பிராந்தியமாகப் பிரிச்சு, ஒவ்வொன்றுக்கும் சரிசமமா 145 ஊடகக்காரர்களுக்கு வாக்கு. முன்னாள் வெற்றியாளர்களுக்கும் வாக்கு உண்டு.

2024 இல் அங்க நடந்த சண்டை நம்மட கடைச் சண்டை மாதிரியே. ஒரு பக்கம் கொலராடோவின் டிராவிஸ் ஹண்டர், தாக்குதலிலும் தடுப்பிலும் இரண்டிலயும் விளையாடினவர். மற்றப் பக்கம் பொய்சி ஸ்டேட் என்ற, பெரிய லீக்கில இல்லாத பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்ட்டி. ஒரே பருவத்தில 2,601 யார் ஓடினார். 1988 இல் பெரி சாண்டர்ஸ் வெச்ச 2,628 என்ற சாதனைக்கு 27 யார்தான் குறைவு. "சின்ன அணிகளோட ஓடினதுதானே" என்று அங்கேயும் சொன்னாங்க. கடைசியில ஹண்டர் வென்றார், ஜென்ட்டி இரண்டாம் இடம், 214 புள்ளி வித்தியாசம். முடிவு சரியா பிழையா என்று இன்னமும் அடிபடலாம். ஆனா ஜென்ட்டியின் பேர் மேசைக்கு வந்தது. ஓடின ஒவ்வொரு யாரும் எழுதப்பட்டிருந்தது. தோற்கிறதுக்கும் ஒரு மேசை வேணும். நமக்கு அதுதான் இல்ல.

எங்கட நண்பன் ஒருத்தன் இருக்கான், பேர் வேணாம். இடக்கைச் சுழல் பந்து வீச்சாளன். அவன்ட கடைசி வருஷம் ஒரு மெட்சில எட்டு விக்கட் எடுத்தான். நாங்க சிலர் பவுண்டரிக்கு வெளியே மர நிழலில இருந்து பார்த்தோம். அந்த மெட்சின் ஸ்கோர் புத்தகம் எங்க என்று கேட்டா இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒரு சேர் வீட்டுக்குக் கொண்டு போனார் என்கிறாங்க, அலுமாரியில வெச்சு மழைத் தண்ணி பட்டுப் போச்சு என்கிறாங்க. ஒரு பேப்பரிலும் வரல்ல. அவன் இப்ப கட்டாரில ஒரு சுப்பர் மார்க்கட்டில வேலை செய்றான். எங்களுக்கு அது எட்டு விக்கட். உலகத்துக்கு அப்படியொன்று நடக்கவே இல்ல.

இதில நாமும் குற்றவாளிகள். கொழும்பை ஏசிட்டுப் போறது சுகம். நம்மட ஊர் சொஃப்ட்போல் சுற்றுப்போட்டிகளில தொடர் நாயகன் விருது எப்படிப் போகுது? கிண்ணம் கொடுத்தவரின் மருமகனுக்கு, இல்லாட்டி ஆறு சிக்ஸ் அடிச்சவனுக்கு. நாலு ஓவரில பத்து ஓட்டம் கொடுத்து மெட்சை வென்று கொடுத்தவனுக்கு ஒரு கைதட்டு, அதுவும் அறிவிப்பாளர் பேரைப் பிழையா வாசிச்சு. கிண்ணம் பொடியனை விட உயரமா இருக்கும், ஸ்கோர் மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில கிறுக்கிக் கிடக்கும். நம்மட தங்கச்சிமார் விளையாடுறதை எழுதி வெக்க அந்தக் கடைசிப் பக்கமும் இல்ல. நம்மள நாமே எண்ணாட்டி கொழும்பு எப்படி எண்ணும்?

வடக்கைப் பாருங்க. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் எல்.பி.எல் போட்டியில யாழ்ப்பாண அணிக்கு விளையாடினார். 2024 இல் ஐ.பி.எல் வரைக்கும் போய் ஹைதராபாத்துக்குப் பந்து வீசினார். திறமை 2020 இல் திடீரென்று முளைச்சதா? இல்ல. பார்க்கிற கண் அந்த வருஷம் வந்தது, அவ்வளவுதான்.

அதனால நாங்க கேட்கிறது பிச்சையும் இல்ல, கோட்டாவும் இல்ல. ஒன்று, கூட்டுத்தொகையோட சேர்த்து மெட்சுக்கு எத்தனை, எந்த அணிக்கு எதிராக என்பதையும் பார்க்கணும். இரண்டு, தெரிவு செய்றவங்களில ஒன்பது மாகாணத்துக்கும் சமமான குரல் வேணும். மூன்று, கிழக்கு காய்ந்து கிடக்கிற மாதங்களில மாகாணத்துக்கு ஒரு அணி சேர்த்து, அந்தப் பெரிய பாடசாலைகளோட சந்தாங்கேணி மைதானத்திலயோ அம்பாறையிலயோ மோத விடணும். தோற்றா தோற்கட்டும். குறைஞ்சது தோற்றது எழுத்தில இருக்கும். இது ஒன்றும் ஏலாது என்றா விருதின் பேரையாவது மாத்துங்க: "நாங்கள் பார்த்தவர்களில் சிறந்தவன்." அதில நேர்மை இருக்கு. வாசகர் வாக்கில கொடுக்கிற விருதுக்கு "ஜனரஞ்சக வீரன்" என்று பேர் இருக்கிற மாதிரி.

நாலாவது நமக்கு. வாற பருவத்தில இருந்து நாங்க ஆளுக்கொரு மைதானம் எடுக்கிறோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று. பாடசாலை மெட்ச் எது நடந்தாலும் ஸ்கோர் தாளைப் போட்டோ எடுத்து, தட்டச்சு செய்து, இங்கேயே போடுவோம். பந்து பந்தாக ஏலாட்டியும் பேர், ஓட்டம், விக்கட் என்றாவது. ஆண், பெண் இரண்டும். சம்மாந்துறைக்கும் பொத்துவிலுக்கும் எங்களிட்ட ஆள் இல்ல. ஒரு பேனையும் போனும் இருக்கிற யாராவது வாங்க.

அடுத்த வருஷம் அதே கடையில அந்தச் சாய்ந்தமருதுக்காரன் அதே கேள்வியைக் கேட்பான். நம்மட பொடியன் சிறந்தவனா இல்லையா என்று அன்றைக்கும் நாங்க அடிபடுவோம். ஆனா அடிபட ஒரு பேரும், அதுக்கு நேரே ஒரு எண்ணும் கையில இருக்கும்.