பழுது நீக்குவது சலுகையா, உரிமையா?

தலைநகர் தில்லியின் நேரு பிளேஸ் வணிக வளாகத்தில், பழுதான மடிக்கணினியைப் பையில் சுமந்தபடி கடை கடையாக ஏறி இறங்குவோரை எந்த நாளிலும் காணலாம். மாணவர், கணக்கர், வழக்கறிஞர் எனப் பலதரப்பட்ட அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். "இந்தப் பழுது எனக்கு மட்டும்தான் வந்ததா, இதே மாதிரியை வாங்கிய எல்லோருக்கும் வந்ததா?" என்று கேட்பவர் அரிது. முதலில் கேட்கப்பட வேண்டியது அந்த இரண்டாவது கேள்விதான்.

கைதவறிக் கீழே விழுந்து உடைந்த கருவிக்கு, அதை வாங்கியவரே பொறுப்பு. ஆனால், வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ நேர்ந்த பிழையால் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே விதமாகப் பழுதடையும்போது, பொறுப்பு தயாரித்தவரையே சாரும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது மடிக்கணினிச் சில்லுகளில் சில வலுவற்ற மூலப்பொருளால் செயலிழப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சில்லுகளைப் பயன்படுத்திய கணினி நிறுவனங்கள், உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

2018 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், தனது மேக்புக் கணினிகளின் விசைப்பலகையை, வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை உலகெங்கும் அறிவித்தது. ஏற்கெனவே பணம் கொடுத்துப் பழுது நீக்கியவர்கள், அதைத் திரும்பக் கேட்கவும் வழி செய்தது. இது பாராட்டத்தக்கதே. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. அதே குறைபாட்டுக்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில், 2022-ல் 5 கோடி டாலர் வழங்க அந்த நிறுவனம் உடன்பட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலே செய்துகொண்ட அந்தச் சமரசத்தின் பலன், கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட 7 மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டுமே. அதே கணினியை, அதே பழுதுடன், இந்தியாவில் வாங்கியவருக்குப் பழுதுநீக்கம் கிடைத்தது, இழப்பீடு கிடைக்கவில்லை.

குறை நிறுவனத்திடம் மட்டுமல்ல, நமது சட்டத்திலும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'தயாரிப்புப் பொறுப்பு' என்று ஓர் அத்தியாயத்தையே வகுத்திருக்கிறது. ஆனால், அதில் 'தீங்கு' என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம், பொருளுக்கே நேரும் சேதத்தை விலக்கிவிடுகிறது. மடிக்கணினி தீப்பிடித்து மேசை எரிந்தால் மேசைக்கு ஈடு கேட்கலாம். கணினிக்குக் கேட்க வேறு பிரிவைத் தேட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் 20-வது பிரிவும், திரும்பப் பெறுதல் என்று வரும்போது ஆபத்தான பொருள்களையே குறிப்பிடுகிறது. 2006-ல் டெல் நிறுவனம் 41 லட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றதைப் போன்ற நிகழ்வுக்கு அது பொருந்தும். தீப்பிடிக்காமல், வெறுமனே வேலை செய்ய மறுக்கும் விசைப்பலகைக்கு?

அதற்கு இருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். ஒரே பாதிப்புக்கு உள்ளான பலருக்காக ஒருவரே வழக்காட 35-வது பிரிவு இடமளிக்கிறது. ஆனால், தன்னைப் போல வேறு எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற விவரம் நிறுவனத்தின் கோப்புகளில் அல்லவா இருக்கிறது? தனித்தனியே வாடிக்கையாளர்கள் சேவை மையத்தின் வாசலில் நிற்கும் வரை, பொதுவான குறைபாடும் தனிப்பட்ட துரதிருஷ்டமாகவே தோன்றும்.

மத்திய அரசு இதில் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'பழுது நீக்கும் உரிமை'யை ஆராய 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்க மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், விற்ற பிறகும் வாங்கியவரைத் தன் பிடியில் வைத்திருக்கும் போக்கை அந்த உத்தரவு அடையாளம் காட்டியது. ஆனால், இணையதளமும் குழுவும் நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கின்றன. நல்லெண்ணம் சட்டமாகாது.

செய்ய வேண்டியவை சிலவே. ஒரு மாதிரியில் பொதுவான குறைபாடு தெரியவந்தால், அதை நுகர்வோர் விவகாரத் துறைக்குத் தெரிவிப்பதையும், வாங்கியவர்களுக்கு அவரவர் மொழியில் தகவல் அனுப்புவதையும் கட்டாயமாக்க வேண்டும். முன்னரே செலவழித்தவர்களுக்குக் கேளாமலே பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். ஒருமுறை மாற்றிய பாகம் அதே காரணத்தால் மீண்டும் கெட்டால், விலையைத் திருப்பித் தர வேண்டும். புகாருக்கான 2 ஆண்டுக் காலவரம்பு, குறைபாடு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வாறு கட்டாயப்படுத்தினால் விலை உயரும், நிறுவனங்கள் குறைகளை மறைக்கத் தொடங்கும் என்று வாதிடலாம். தவறுக்கான விலையை யாரோ ஒருவர் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தவறே செய்யாத வாடிக்கையாளர் அவர். மறைப்பதைப் பொறுத்தவரை, தெரிவிப்பது நிறுவனத்தின் விருப்பமாக இருக்கும் இன்றைய நிலைதான் மறைப்பதற்கு வசதியானது. மறைத்தால் தண்டனை என்ற நிலை வந்தால் அந்த வசதி போய்விடும்.

கடன் வாங்கி மகளுக்கு மடிக்கணினி வாங்கித் தரும் குடும்பத்துக்கு அது ஆடம்பரப் பொருளல்ல, அவளது படிப்பு. அது பழுதானால் சரிசெய்து கொடுப்பது, நிறுவனம் மனமிரங்கி வழங்கும் சலுகையாக இருக்கலாகாது. விலையை முழுதாகப் பெற்றவர், பொருளையும் முழுதாகத் தரக் கடமைப்பட்டவர்.