பெட்டியைச் சோதிப்பவரின் சம்பளம்

மத்திய கிழக்குக்குப் போகும் மகளையோ தங்கச்சியையோ வழியனுப்பக் கட்டுநாயக்க வரை போய்வந்த குடும்பங்கள் நம் லயங்களில் ஏராளம். அங்கே பெட்டியை வாங்கிச் சோதிக்கிறவரும் ஒரு தொழிலாளிதான். அந்த வேலை அரசிடம் இருக்க வேண்டுமா, கம்பனியிடம் போக வேண்டுமா என்று அமெரிக்காவில் ஒரு சண்டை நடக்கிறது. தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள்.

2025 மார்ச்சில் செனட் உறுப்பினர்களான மைக் லீ, டொமி டியூபர்வில் இருவரும் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். விமான நிலையச் சோதனையை நடத்தும் அரச நிறுவனத்தை மூன்று ஆண்டுகளில் மூடிவிட்டு, வேலையைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டுமாம்.

இது புதிய யோசனை அல்ல. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் வரை அங்கே அப்படித்தான் நடந்தது. விமானக் கம்பனிகள் சோதனை வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான கணக்காய்வு அலுவலகம் 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை கொடுத்தது. 19 பெரிய விமான நிலையங்களில் ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் சராசரி 126 வீதம். நூறு பேர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரே வருடத்தில் 126 பேர் விலகியிருக்கிறார்கள். அதே விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் கூடுதல் சம்பளம் கிடைத்தால் யார்தான் நிற்பார்கள்? வேலை பழகுமுன் ஆள் மாறினால் பெட்டிக்குள் இருப்பது யார் கண்ணில் படும்?

சன் பிரான்சிஸ்கோவில் தனியார்தானே நன்றாகச் செய்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அரச ஊழியருக்குக் குறையாத சம்பளமும் சலுகையும் கொடுக்க வேண்டும் என்று சட்டமே கம்பனியின் கையைக் கட்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

அரசிடம் இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நம் அரச தோட்டங்களிலும் சேமலாப நிதி கட்டாமல் நிலுவையாய்க் கிடந்தது. என் கண்ணில் படுவது வேறொன்று. சட்டமூலம் வந்த அதே மார்ச்சில், 7ஆம் திகதி, சுமார் 47,000 சோதனை ஊழியர்களின் கூட்டு ஒப்பந்தத்தை அமெரிக்க அரசே ரத்துச் செய்தது. முதலில் ஒப்பந்தத்தைக் கிழிக்கிறார்கள். பிறகு விற்பனைப் பேச்சு வருகிறது.

நமக்கு வரிசை மாறி நடந்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாயைத் தீர்மானித்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன்பிறகு கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது என்று முறையிடப் போனால், கையில் காட்ட ஒரு தாள் இல்லை.

அமெரிக்க ஊழியர்களின் சங்கம் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டது. ஜூன் மாதம் சியாட்டில் நீதிபதி ஒருவர் அந்த ரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்.