சென்னைத் திட்டத்தில் விருத்தாசலமும் வரட்டும்

2020 மார்ச்சில் சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், நாவலூர் விடுதிகளைக் காலி செய்துவிட்டு மென்பொருள் ஊழியர்கள் சொந்த ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் முழுதாகத் திரும்பவே இல்லை. மாதத்தில் சில நாளோ, வாரத்தில் இரண்டு மூன்று நாளோ சென்னைக்கு வந்து போகிறார்கள். நிறுவனங்களும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2025க்குள் நான்கில் ஒரு பங்கு ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. நகரமைப்பாளர்களாகிய நாம் இந்த இரண்டு அறிவிப்புகளில் எதையும் நம்பிக் கோடு போட முடியாது.

அமெரிக்கப் பெருநகரங்களில் வடையின் நடுவில் ஓட்டை விழுவதுபோல் மையம் வெறிச்சோடி, புறநகர் பருத்ததை நிக்கோலஸ் புளூமும் அர்ஜுன் ரமணியும் 2021இல் எழுதிக் காட்டினார்கள். அந்தப் படம் சென்னைக்குப் பொருந்தாது. நம் மென்பொருள் அலுவலகங்கள் பெரும்பாலும் பழைய மாமல்லபுரம் சாலையில், நகரின் ஓரத்திலேயே இருக்கின்றன. இங்கே வேலை புறநகருக்கு நகரவில்லை, இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கிறது.

விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். எழும்பூரிலிருந்து திருச்சி போகும் கார்டு லைனும், சேலம்–கடலூர் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன். வைகையோ பல்லவனோ பிடித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். தினமும் போய்வர இது தொலைவு. வாரம் ஒருமுறை என்றால் தாராளமாக முடியும். அப்படிப் போய்வருபவருக்குச் சென்னையில் தங்க இரண்டு இரவுக்குப் படுக்கை வேண்டும், ஊரில் மற்ற வேலை நாட்களுக்கு மேசை வேண்டும். 2026–2046க்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் அவர் வீடு இல்லை. விருத்தாசலத்தைப் பார்க்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கோ அவர் அலுவலகம் எல்லைக்கு வெளியே. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் உருவாகிறது. அதன் பயணிகளைக் கணிக்கும்போது நெரிசலான செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் குறைவான வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டு நாளுமே தவறாகத்தான் தெரியும்.

விருத்தாசலத்தின் பழைய தொழிலான பீங்கான் வேலை, தொலைவிலிருந்து பார்க்கும் இந்த வேலைக்கு நேர் எதிரானது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்ற வேண்டும். அச்சு ஈரத்தை உறிஞ்சிச் சுவர் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சீவி, காயவைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். அச்சுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால்தான் இது நடக்கும். ஆனாலும் ஊரிலுள்ள பீங்கான் தொழிற்பேட்டையிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. சிறு பட்டறை ஒவ்வொன்றுக்கும் தனிச் சூளை கட்டச் சக்தி இல்லை. அதனால் செலவு மிகுந்த அந்த ஒன்றை அரசு பொதுவில் வைத்தது. பட்டறைகள் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்து பிழைத்தன.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் அப்படி ஒரு பொதுவசதி தேவைப்படுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் மதியம்வரை தாங்குமா என்பதே அன்றைய கவலை. இரண்டே அறை உள்ள வீட்டில் ஒன்றில் மாமியார் படுத்திருக்க, மற்றதில் குழந்தை அழ, மருமகள் கட்டிலில் மடிக்கணினியோடு கூட்டத்தில் பேசுகிறாள். அவளுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. இதைத் தனி வீட்டுப் பிரச்சினை என்று தள்ளுவது எனக்கு ஏற்புடையதல்ல. வேலையை விட்டுவிடு என்று வீட்டில் முதலில் சொல்லப்படுவது அவளிடம்தான்.

விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில் அரசின் சிறிய டைடல் மென்பொருள் பூங்கா திறந்தது. சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடி அதே ஆண்டில் தொடர்ந்தன. நல்ல முயற்சிதான், ஆனால் அவை நிறுவனங்கள் வாடகைக்கு எடுப்பதற்கான கட்டடங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு ஜோஹோ போனதும் ஒரு நிறுவனத்தின் முடிவு. சென்னை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு விருத்தாசலத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரை இரண்டுமே எட்டவில்லை. ரயில் நிலையத்துக்கு நடை தூரத்தில், ஜெனரேட்டரும் இரண்டு இணைய இணைப்பும் உள்ள இருபது மேசைக் கூடம் ஒன்றை நகராட்சியே நடத்தலாம். நாள் வாடகைக்கு விட்டால் போதும்.

மூன்றாம் முழுமைத் திட்டத்தின் கணக்கெடுப்பில், "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்பதோடு "வாரத்தில் எத்தனை நாள் போகிறீர்கள்? மற்ற நாள் எந்த ஊரில்?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்க்கும்படி நம் துறையினர் குழுமத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் பணியாற்றும் நண்பர்கள் விருத்தாசலத்துக்கு அதே கேள்விகளைத் தனியாக எழுதட்டும்.