வில், வாள், பேக்பைப்... அப்புறம்?

"மேட் ஜாக்" என்று கூகிளில் தட்டினால் வந்து கொட்டுகிறது! இடுப்பில் வாள், தோளில் வில், வாயில் பேக்பைப். இரண்டாம் உலகப்போரைத் திருவிழாவாக்கிய மாவீரன் என்று புல்லரித்துப் போய் எழுதுகிறார்கள். ஆள் பெயர் ஜாக் சர்ச்சில் (1906-1996). பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்து கமாண்டோ ஆனவர்.

முதலில் அந்த வில். 1940ல் பிரான்சில் ஜெர்மன் சிப்பாய் ஒருவனை அம்பெய்து கொன்றார் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. வில்லெல்லாம் அதற்கு முன்பே லாரி ஏறி நசுங்கிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை யாரும் காப்பி-பேஸ்ட் செய்வதில்லை! வில்வித்தை தெரிந்தவர்தான், 1939ல் ஆஸ்லோ உலகப் போட்டியில் பிரிட்டனுக்காகக் கலந்துகொண்டவர். அந்த உண்மை போதாதா?

சரி, பேக்பைப். 1944ல் யூகோஸ்லாவியாவின் பிராச் தீவு. குன்றின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது அவரும் இன்னும் ஆறு பேரும்தான். மோர்ட்டார் குண்டு விழுந்ததில் அவரைத் தவிர அத்தனை பேரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அந்த நிலையில்தான் அவர் பைப்பை எடுத்து வாசித்தார், கையெறி குண்டு வெடித்து மயங்கி விழும்வரை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சுற்றிக் கிடந்தவர்களை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் காட்டுவது, செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு லாபம் என்று சொல்லும் கணக்கு.

பிறகு சாக்சன்ஹவுசன் முகாம், சுரங்கம் வழியாகத் தப்பியது, மறுபடி பிடிபட்டது, மறுபடி தப்பியது. இதெல்லாம் எல்லாத் தளத்திலும் இருக்கிறது, விடுவோம்.

ரசிகர்கள் தாண்டிப்போகும் இடம் ஜெருசலேம். 1948 ஏப்ரல் 13. ஸ்கோபஸ் மலையிலிருந்த ஹதாசா மருத்துவமனைக்குப் போன வாகன வரிசையை அரபுப் படையினர் வழிமறித்துத் தாக்கினார்கள். உள்ளே டாக்டர்கள், நர்சுகள். கிட்டத்திலேயே பிரிட்டிஷ் ராணுவம் இருந்தும் மணிக்கணக்கில் நகரவில்லை. சர்ச்சில் ஒரு சில வீரர்களோடு போய், தன் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். தங்கள் ஹகானா படை வந்துவிடும் என்று நம்பி அவர்கள் மறுத்துவிட்டார்கள். கனரக ஆயுத உதவி கேட்டார், மேலிடம் தரவில்லை. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன்பின் மலையில் சிக்கியிருந்த சுமார் 700 பேரை வெளியேற்ற ஏற்பாடு செய்தவரும் இவர்தான்.

இதில் வில்லும் இல்லை, வாளும் இல்லை. அதனால்தானோ என்னவோ, "டாப் டென் கிறுக்கு வீரர்கள்" எழுதும் புண்ணியவான்கள் இதைக் கடைசி வரியில் ஒட்டுகிறார்கள், அதுவும் இடம் மிச்சமிருந்தால்!