கிராணியாரின் வேகன்: பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா?



உங்கள் வீட்டுப் பின்புறத்தில், கிழிந்த கித்தான் துணிக்கு அடியில், ஓடாத கார் ஒன்று நிற்கிறதா? அதை விற்கவும் மனமில்லை, ஓட்டவும் வழியில்லை என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த மாதக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. 1978இல் தோட்டத்துக் கிராணியாக இருந்த என் தந்தையார் வாங்கிய டட்சன் 120ஒய் ஸ்டேஷன் வேகன் அது. அக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் வண்டி. 1,171 சி.சி. எஞ்சின், பின்சக்கர ஓட்டம், பின்னால் லாரிக்கு இருப்பதுபோல் லீஃப் ஸ்பிரிங் பட்டை. செம்மண் சாலைக்கும் சுமைக்கும் அஞ்சாத வண்டி. 1981இல் டட்சன் என்ற பெயரைக் கைவிட்டு நிசான் என்றே அழைப்பதென்று நிறுவனம் முடிவு செய்தது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. எங்கள் வேகன் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

பெயருக்குத்தான் அது எங்கள் குடும்ப வண்டி. உண்மையில் லயத்து மக்கள் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. ஆறாம் ஆண்டுச் சோதனைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றதும் அதுதான், திருவிழாவுக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்ததும் அதுதான். 1984இல் ஒரு மழை இரவில் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மனைவிக்கு இடுப்பு வலி கண்டது. தந்தையார் பின் இருக்கையை மடக்கிப் பாய் விரித்து, பத்து மைல் தொலைவிலிருந்த மருத்துவமனைக்கு ஓட்டினார். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. கூடச் சென்ற என் தாயாரின் சேலையில்தான் அந்தக் குழந்தையைச் சுற்றினார்கள்.

தோட்டம் கைமாறி, நாங்கள் பட்டணத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகு, வேகன் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது. அந்த இடத்தில் சமையலறையை நீட்டிக் கட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, பழைய இரும்புக்காரரை அழைத்துவிடலாம் என்று நானும் முடிவு செய்திருந்தேன். அந்த வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில், அன்று பிரசவம் கண்ட அந்த அம்மாள் என் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு, "கிராணி ஐயா, நம்ம வண்டி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டார். இப்போதெல்லாம் பலரின் பெயரையே மறந்துவிடும் என் தந்தையார், "இருக்கு, இருக்கு. ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். அதற்குமேல் பழைய இரும்புக்காரரை அழைக்க என்னால் முடியவில்லை.

தம்பிக்கு இதில் விருப்பமில்லை. "அண்ணே, அந்தப் பேர அந்தக் கம்பெனியே விட்டுடுச்சு. நீங்க ஏன் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். மனைவியோ சண்டை போடவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டாள்: "ஏங்க, சரி பண்ணின பிறகு யாரு ஓட்டப் போறது? எங்க நிறுத்தப் போறது? பணம் எங்கேயிருந்து வரப் போவுது? மூத்தவளோட படிப்புக் காசுல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வாசகர்களே, பழைய வண்டியைப் பற்றி முடிவெடுக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். இந்த மூன்றுக்கும் விடை தெரியாதவர் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். நான் வார இறுதி டியூஷன் வருமானத்தைத் தனியே எடுத்து வைப்பது என்றும், எட்டாயிரம் வெள்ளிக்குமேல் ஒரு காசும் போடுவதில்லை என்றும் தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். வண்டியை நிறுத்த வீட்டின் முன்புறத்தில் இடம் ஒதுக்கினோம்.

அடுத்து, பட்டணத்தில் அறுபதைத் தாண்டிய சீன மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து ஒரு காந்தத்தையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். "சிக்கு, எஞ்சின் செத்தால் வேறு எஞ்சின் கிடைக்கும். தகரம் செத்தால் வண்டியே செத்தது" என்று மலாயில் சொன்னார்.

எவ்வளவு உண்மை! இவ்வகைக் கார்களுக்கு லாரியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. உடம்புத் தகரமே சட்டம். வெளியே பளபளவென்று தெரியும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லையென்றால், உள்ளே தகரம் போய், பூச்சு மாவு வைத்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள். காலடித் தரை, கதவுக்குக் கீழ் ஓடும் விளிம்பு, சக்கர வளைவு, உபரிச் சக்கரம் வைக்கும் குழி, பின்கதவின் அடிப்பாகம், இவற்றையெல்லாம் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடம். அது உளுத்திருந்தால் தமது பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றே அவர் சொல்லிவிட்டார். எங்கள் வண்டியில் ஓட்டுநரின் காலடித் தரை சல்லடையாகியிருந்தது. ஸ்பிரிங் தாங்கும் இடமோ உறுதியாக இருந்தது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தரையை வெட்டி வெல்டிங் செய்ய 2,800 வெள்ளி. பிரேக்கும் நான்கு டயர்களும் 1,900. எஞ்சின், கார்புரேட்டர், பெட்ரோல் டாங்கி 1,600. எலி கடித்த ஒயர்களுக்கு 700. பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் சேர்த்து 600. ஆக மொத்தம் 7,600 வெள்ளி. புதுச் சாயத்துக்கும் இருக்கைக்கும் இன்னும் 7,500 வெள்ளி கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சாயம் மங்கினால் யாரும் சாவதில்லை. பிரேக் போனால்தான் சாவார்கள்.

நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் சாமான்களை நம்பவே கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடிக்கும். டயரில் மேடு பள்ளம் நன்றாக இருந்தாலும், ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். அது எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய பெட்ரோல் உள்ள வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். எங்கள் மெக்கானிக் முதலில் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டார். பிறகு ஸ்பேனரால் கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினோ நிறமோ மாற்றுவதானால், முன்கூட்டியே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடியப் பதினான்கு மாதங்கள் ஆயின. டியூஷன் காசு சேரச் சேரத்தான் வேலையும் நடந்தது. இன்று விற்றால் போட்ட பணம் வராது. இதை மறைப்பதில் பயனில்லை. தினமும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் பின் இருக்கைக்கும் வார்ப்பட்டை வேண்டுமென்ற சட்டம் 2009இல் வந்தது. எங்கள் வேகனிலோ பின்னால் வார்ப்பட்டையும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. பழமையின்மேல் உள்ள பாசத்துக்காகப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

பின் எதற்காகச் செய்தேன்? சென்ற ஞாயிற்றுக்கிழமை தந்தையாரை முன் இருக்கையில் அமர்த்தி, பழைய தோட்டத்துப் பக்கம் ஓட்டிச் சென்றேன். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்பு. அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. கோயில் முன் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தபோது, என் முகத்தை உற்றுப் பார்த்து, "டேய், ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்று கேட்டார். நான் ஓட்டக் கற்ற நாளில் அவர் ஓயாமல் கேட்ட கேள்வி அது. என் பெயரைச் சொல்லி அவர் அழைத்து நாளாகிவிட்டது. ஆனால் வண்டியை ஓட்டி வந்தவன் தம் மகன் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வண்டியின் தகரம் செத்திருந்தால் வருந்தாதீர்கள். குடும்பத்தோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்றதைக் கொடுத்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கடன் வாங்கியோ பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்தோ அதை உயிர்ப்பிக்க வேண்டாம். தகரம் உறுதியாக இருந்து, கையில் உபரிக் காசும் இருந்து, அந்த வண்டியில் ஏறி அமர வேண்டிய பெரியவர் ஒருவர் வீட்டில் இன்னும் இருக்கிறார் என்றால், நாளைக்கென்று தள்ளிப் போடாமல் இந்த வாரமே கித்தான் துணியை விலக்கிப் பாருங்கள். திருப்புளியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.