புயல் வரும், முதியவர் வீடு நிற்குமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கூத்தாநல்லூர் பக்கத்து ஜனங்களுக்கு வயலைப் பற்றிய கவலையோடு கூரையைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. வாலிபன் ஓடிப் பிழைப்பான். ஐம்பது வருஷம் சேற்றில் குனிந்து முதுகு வளைந்துபோன கிழவனும் கிழவியும் எங்கே ஓடுவார்கள்? அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரை நின்றால் உண்டு, இல்லையேல் இல்லை.

1952-ம் வருஷப் புயலையும் 1977 நவம்பர் 12-ம் தேதிப் புயலையும் நமது ஜில்லா ஜனங்கள் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் விழுந்து கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அன்று காலையில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். கீற்றுக் கூரை பறந்தது. தகரமும் சிமெண்ட் ஷீட்டும் கத்திபோல் பறந்தன. காங்கிரீட் கூரை பெரும்பாலும் நின்றது. காற்று எல்லோருக்கும் பொதுதான். கூரை பொதுவாக இல்லை.

இன்று கோயமுத்தூரிலும் சென்னையைச் சுற்றியும் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே புதுக் குடியிருப்புகள் எழும்புகின்றன. உறுதியான கட்டடம், ஜெனரேட்டர், கூப்பிட்டால் வரும் நர்ஸ், வேளைக்குச் சாப்பாடு. இவை வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். உழைத்து ஓய்ந்த எந்த மனிதனுக்கும் இவை வேண்டியவைதான். ஆனால் அங்கே வீடு வாங்கப் பல லட்ச ரூபாய் வேண்டும். நாற்று நட்ட கைக்கும் நெல் மில்லில் மூட்டை சுமந்த தோளுக்கும் அந்த வாசல் திறக்காது.

இந்தப் புதுக் குடியிருப்புகள் புயலுக்குத் தாங்குமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் விடை இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கூட்டங்கூட்டமாய்ப் போய்க் குடியேறும் கடற்கரை நாடு அது. 1992 ஆகஸ்ட் 24-ல் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைத்த மலிவான வீடுகள் ஹோம்ஸ்டெட் நகரில் ஏறத்தாழ அனைத்தும் நாசமாயின. கட்டட விதி ஏட்டில் இருந்தும் கட்டிய லட்சணம் என்ன என்பது அன்று அம்பலமாயிற்று. ஜனங்கள் கொதித்தார்கள். 1994-ல் அத்தகைய வீடுகளுக்குக் கடுமையான விதி வந்தது. 2002-ல் மாகாணம் முழுமைக்கும் ஒரே கட்டடச் சட்டம் வந்தது. கூரையைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். ஜன்னலுக்குக் காப்பு வேண்டும்.

பலன் என்ன? 2004 ஆகஸ்ட் 13-ல், முதியோர் நிறைந்த புன்டா கோர்டா பகுதியைச் சார்லி புயல் தாக்கியது. புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பெரும்பாலும் நின்றன, பழையவை நொறுங்கின. அங்கும் ஒரு பாடம் உண்டு. வீடு நின்றது, பின்னால் ஒட்டுப் போட்டுக் கட்டிய கொட்டகைகள் பிய்ந்து பறந்து, நின்ற வீட்டையும் சேதப்படுத்தின.

ஆகவே அந்த வீடுகளைக் காப்பாற்றியது முதலாளியின் கருணையல்ல, சட்டம். அதுவும் எல்லோரையும் காக்கவில்லை. புது வீடு வாங்க வழியில்லாத கிழவர்கள் இன்றும் அதே புளோரிடாவில் பழைய பெட்டி வீடுகளில்தான் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் இயன் புயலில் செத்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களே.

சுவர் நின்றால் மட்டும் போதுமா? 2017-ல் இர்மா புயலுக்குப் பின் அதே மாகாணத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இடியாமல் நின்றது. குளிர்சாதனத்துக்கு மின்சாரம் இல்லை. புழுக்கத்தில் 12 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகே, 2018-ல், இத்தகைய இல்லங்கள் ஜெனரேட்டர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பிணம் விழுந்த பிறகுதான் சட்டம் பிறக்க வேண்டுமா என்று நாம் கேட்கிறோம்.

நமது நாட்டிலும் விதி இருக்கிறது. காற்றின் விசையைக் கணக்கிடும் இந்தியத் தர நிர்ணயம் 2015-ல் திருத்தப்பட்டது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை அது புயல் பிரதேசம் என்கிறது. கூத்தாநல்லூர் அதற்குள்ளேதான் இருக்கிறது. புயல் காப்பகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குக் காற்றின் வேகத்தை 1.3 மடங்காக வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. சாதாரண வீட்டுக்கு அந்தக் கூடுதல் பலம் இல்லை. நடக்க முடியாத ஒரு கிழவிக்கு அவளுடைய வீடுதானே காப்பகம்?

மாநில சர்க்கார் 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. குடிசையில் வாழ்வோருக்கு 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்ச ரூபாய் உதவி. குடிசை ஒழிய வேண்டும் என்பது நமது நெடுங்காலக் கோரிக்கை, ஆகவே வரவேற்கிறோம். ஆனால் 300 சதுர அடிக்குத்தான் காங்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காததாக இருந்தால், வேறு கூரை போடலாம். சார்லி புயலில் பறந்த ஒட்டுக் கொட்டகையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை பட்டா. சொந்த மனை இல்லையேல் வீடு இல்லை. 1971-ல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி போராடியதன் பலன் அது. ஆயினும் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் புறம்போக்கிலும் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்பவர்கள் இன்னும் பட்டாவுக்கு அலைகிறார்கள். முன்பு கட்டிய தொகுப்பு வீடுகளிலோ கம்பி வெளியே தெரிகிறது. காரை பெயர்ந்து விழுகிறது. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்திய முதியோர் பென்ஷனில் அரிசி வாங்குவதா, கூரை பூசுவதா?

ஆகவே நாம் கோருவது:

ஒன்று, தலைமுறையாய்க் குடியிருக்கும் மனைக்குப் பட்டா. பட்டா வரும்வரை வீட்டை மறுக்கக் கூடாது.

இரண்டு, கடலோரத் திட்ட வீடுகள் அனைத்துக்கும் முழுக் காங்கிரீட் கூரையும் புயலுக்கேற்ற கணக்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும்.

மூன்று, பழுதான தொகுப்பு வீடுகளை மழைக்கு முன் பரிசோதித்துச் சர்க்கார் செலவில் புதுப்பிக்க வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு காப்பகத்திலும் ஜெனரேட்டர், மருந்து, முதியவர் ஏறச் சாய்வுப் பாதை, அவர்களை அழைத்து வர வண்டி.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க முடியாது. நமது ஊரில் இரு வகை முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். மகன் திருப்பூருக்குப் போய்விட, குடிசையில் ஒரு தாய். மகன் மலேயாவிலோ வளைகுடாவிலோ பாடுபட, மாடி வீட்டில் இன்னொரு தாய். கஜாவின் இருட்டில் டெலிபோன் செத்தபோது இருவரும் ஒரே தனிமையைத்தான் அனுபவித்தார்கள். ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே வீடு வீடாய்ச் சென்று, தனித்திருக்கும் முதியவர்களின் ஜாபிதா எடுக்க வேண்டும். யார் யாரைத் தூக்கி வருவது, எந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோவது, யாருக்கு என்ன மருந்து என்று எழுதி வைக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர்களிடமும் பேசுங்கள். புயல் இரவில் அவர்கள் கூடத்தில் பத்துப் பேர் படுக்கலாம்.

காற்றை நாம் தடுக்க முடியாது. கூரையை உறுதி செய்ய முடியும். ஊருக்கெல்லாம் சோறு விளைவித்தவன் வயதான காலத்தில் ஒரு மழை இரவில் நிம்மதியாய்த் தூங்க வேண்டும். அது பிச்சையல்ல, அவனுடைய பாக்கி. அந்தப் பாக்கியை வசூலிக்க ஒன்றுபட்டு நிற்போம்!